வீடு மாறினால் தபால் எப்படித் தேடி வருகிறது?

போன ஆவணியில் எங்கள் வீட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. கும்பகோணத்தில் போட்டு நியூஜெர்சி வரைக்கும் வந்த தபால். உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. முகவரிக்கு மேலே இன்னொரு மஞ்சள், அது போஸ்ட் ஆபீஸ் ஒட்டிய ஸ்டிக்கர். அத்தை எழுதியிருந்தது எங்கள் பழைய அபார்ட்மென்ட் முகவரி. ஸ்டிக்கரில் புது வீட்டு முகவரி. குடிமாறி ஐந்து மாதம் ஆகியும் அத்தைக்குச் சொல்ல விட்டுப்போயிருந்தது.

அன்றைக்கே அதே பெட்டியில் கிரெடிட் கார்டு வாங்கிக்கொள்ளச் சொல்லி மூன்று கடிதங்கள், பீட்சாக் கடைக் கூப்பன், கூரை மாற்றித் தருகிறோம் என்று ஒரு வழவழப்பான அட்டை. இவற்றில் ஒன்றில்கூட மஞ்சள் ஸ்டிக்கர் இல்லை. கிரெடிட் கார்டுக் கடிதங்களில் புது முகவரியே சுத்தமாக அச்சாகியிருந்தது. அத்தைக்கே தெரியாத எங்கள் புது வீடு இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் அமெரிக்காவில் முகவரி மாற்றுவது எப்படி, வேண்டாத தபாலைக் குறைப்பது எப்படி என்ற இரண்டுமே புரிந்துவிடும். ஆகவே உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஒரு கடிதம் எப்படி வீட்டைக் கண்டுபிடிக்கிறது? நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடுகு ஒரு கிண்ணம், சீரகம் ஒரு கிண்ணம், வெந்தயம் ஒரு கிண்ணம். தாளிக்கும்போது கண் பார்க்காமலே கை சரியான கிண்ணத்துக்குப் போகும். ஜிப் கோடின் ஐந்து இலக்கங்களும் அப்படித்தான் வேலை செய்கின்றன. 1963-இல் வந்த ஏற்பாடு இது. எடிசன் ஊரின் 08817-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் 0 என்றால் நாட்டின் வடகிழக்கு மூலை. அடுத்த இரண்டையும் சேர்த்து 088 என்றால் அந்த வட்டாரம். கடைசி 17 என்றால் ஊருக்குள் ஒரு பகுதி. பிறகு 1983-இல் இதோடு இன்னும் நான்கு இலக்கங்களைச் சேர்த்தார்கள். அதில் தெருவின் ஒரு பக்கம் அல்லது ஒரு கட்டடம் வரைக்கும் வந்துவிடும்.

அடுத்து, கடிதம் தரம்பிரிக்கும் கூடத்துக்குப் போகிறது. அங்கே கேமரா முகவரியைப் படம் பிடிக்கிறது, கணினி படிக்கிறது. கையெழுத்து புரியவில்லை என்றால் அந்தப் படம் மட்டும் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்குப் போகும். அங்கே ஒருவர் திரையில் பார்த்து முகவரியைத் தட்டச்சு செய்வார். அதற்குள் கடிதம் தொலைந்துபோகாமல் இருக்க அதன் முதுகில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோட்டு அடையாளம் போட்டுவிடுகிறார்கள். கையால் முகவரி எழுதி வந்த உறை ஏதாவது இருந்தால் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் மங்கலாகத் தெரியும். பிறகு முன்பக்கத்தில் கறுப்புக் கோடுகள் 65. நெட்டை, குட்டை, மேலே நீண்டது, கீழே நீண்டது என்று நான்கே வகை. பால்காரம்மா சுவரில் கரிக்கோடு போட்டு மாதக் கணக்கு வைப்பாரே, அதே கதைதான். அந்தக் கோடுகளுக்குள் உங்கள் வாசல் வரைக்குமான எண் இருக்கிறது. இயந்திரம் அதைப் படித்து, தபால்காரர் நடக்கும் வரிசையிலேயே கடிதங்களை அடுக்கிக் கொடுத்துவிடுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இதுவரை உங்கள் பெயரை யாரும் பார்க்கவே இல்லை. கடிதம் வாசலைத்தான் தேடி வருகிறது, ஆளை அல்ல. ஆகவே நீங்கள் வீடு மாறினாலும் அது பாட்டுக்குப் பழைய வாசலுக்கே போய்க்கொண்டிருக்கும். அதைத் திருப்ப வேண்டுமானால் யாராவது பெயரைப் பார்த்தாக வேண்டும்.

ஊரில் வீடு காலி செய்யும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போவோம். "எங்களைத் தேடி யாராவது வந்தா இந்த விலாசத்துக்கு அனுப்பி வைங்கக்கா." போஸ்ட் ஆபீஸில் முகவரி மாற்றம் கொடுப்பதும் இதுவேதான். நேரில் போனால் 3575 என்ற எண்ணுள்ள படிவம். அதற்குக் காசு இல்லை, அடையாள அட்டை காட்ட வேண்டும். இணையத்தில் செய்தால் உங்கள் கார்டிலிருந்து ஒரு டாலருக்குச் சற்று மேல் எடுப்பார்கள். கார்டுக்குரிய முகவரியை வைத்து நீங்கள் நீங்கள்தானா என்று பார்ப்பதற்கான ஏற்பாடு அது. அமெரிக்க அஞ்சல் துறையான யுஎஸ்பிஎஸ்ஸின் சொந்தத் தளத்துக்கே போங்கள். தேடினால் அதே வேலைக்கு நாற்பது, ஐம்பது டாலர் கேட்கும் இடைத்தரகர் தளங்களும் முன்னால் வந்து நிற்கும்.

பிறகு இரண்டு கடிதங்கள் வரும். ஒன்று புது முகவரிக்கு, இன்னொன்று பழைய முகவரிக்கு. காலி செய்த வீட்டுக்கு எதற்கு என்று தோன்றும். வேறு யாராவது உங்கள் பெயரில் படிவம் கொடுத்து உங்கள் தபாலைத் திருப்பப் பார்த்தால், அந்தப் பழைய வீட்டுக் கடிதம்தான் உங்களை எச்சரிக்கும். அப்படி ஒன்று வந்தால், நீங்கள் வீடே மாறாதபோது, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உடனே போஸ்ட் ஆபீஸுக்குச் சொல்லுங்கள்.

இங்கே நம் குடும்பங்கள் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. படிவத்தில் 'தனிநபர்' என்றும் 'குடும்பம்' என்றும் இரண்டு கட்டங்கள் உண்டு. நாங்கள் குடும்பம் என்று குறித்துக் கொடுத்தோம். என் தபால் வந்தது, மனைவியின் தபால் வரவில்லை. காரணம், அவர்கள் கணக்கில் குடும்பம் என்றால் ஒரே கடைசிப் பெயர் உள்ளவர்கள். நம் வீட்டிலோ எனக்குக் கடைசிப் பெயர் என் அப்பாவின் பெயர், மனைவிக்கு அவருடைய அப்பாவின் பெயர், பிள்ளைகளுக்கு என் பெயர். அடுக்குக் கேரியர் என்று நினைத்து ஒரே கைப்பிடியில் தூக்கிக் கொடுத்தோம். அவர்களுக்கு அது மூன்று தனித்தனி டப்பா. ஆகவே கடைசிப் பெயர் மாறும் ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம் கொடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி என்று முன்பெயரும் பின்பெயரும் இடம் மாறியிருந்தால் அந்த இரண்டாவது வடிவத்துக்கும் ஒன்று கொடுத்துவிடுவது நல்லது.

சரி, படிவம் ஏறிவிட்டது. இப்போது அத்தையின் பத்திரிகை தரம்பிரிக்கும் கூடத்துக்கு வருகிறது. இயந்திரம் முகவரியைப் படிக்கிறது, அந்த வாசலில் இந்தப் பெயருக்கு மாற்றம் உண்டா என்று பார்க்கிறது. உண்டு என்றால் கடிதத்தைத் தனியே ஒதுக்கி, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, புது வழியில் அனுப்புகிறது. பெரும்பாலான கடிதங்கள் தபால்காரர் கைக்கே போகாமல் கூடத்திலேயே திரும்பிவிடுகின்றன.

பக்கத்து வீட்டு அக்கா எத்தனை நாள் இதைச் செய்வார்? சாதாரணக் கடிதத்துக்குப் பன்னிரண்டு மாதம். வார, மாத இதழ்களுக்கு அறுபது நாள். பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகு ஆறு மாதத்துக்குக் கடிதத்தை அனுப்பியவருக்கே திருப்புவார்கள், ஆனால் அதில் உங்கள் புது முகவரியை ஒட்டி அனுப்புவார்கள். அதற்கும் பிறகு வெறுமனே திரும்பிப் போகும். விளம்பரத் தபாலோ, அனுப்பியவர் தனியே கேட்டுக்கொண்டால் ஒழிய, பின்னால் வராது. பழைய வீட்டோடு சரி.

இதை நம்பி மற்றவர்களுக்குச் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது. 'திருப்பி அனுப்பாதே, எனக்கே கொண்டு வா' என்று உறையிலேயே அச்சிட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. பல மாநிலங்களில் தபால் வாக்குச்சீட்டு அப்படித்தான் வரும், பல வங்கிகளின் புதுக் கார்டும் அப்படித்தான். எங்கள் கார் காப்பீட்டுக் கடிதம் ஒன்று இப்படித் திரும்பிப்போய், தவணை தவறி, பிறகு ஒரு வாரம் போனில் பேசித்தான் சரிசெய்தோம். ஆகவே வங்கி, காப்பீடு, கார் பதிவு அலுவலகம், டாக்டர், பள்ளிக்கூடம் எல்லோருக்கும் நேராகவே சொல்லிவிடுங்கள். வருமான வரித் துறைக்கு 8822 படிவம். குடியுரிமை இல்லாதவர்கள், எச்-1பியில் இருப்பவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும், குடிமாறிப் பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 கொடுத்தாக வேண்டும். போஸ்ட் ஆபீஸில் மாற்றியது அங்கே மாறாது. பெட்டி கட்டும் மும்முரத்தில் நம்மவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான், எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போவது மாதிரி.

இப்போது கேள்விக்கு வருவோம். விளம்பரத் தபால் பின்னால் வராது என்றால் அந்த மூன்று கிரெடிட் கார்டுக் கடிதங்கள் எப்படி வந்தன?

கல்யாணச் சமையல்காரரிடம் காயை அப்படியே மூட்டையாகக் கொடுத்தால் ஒரு கூலி. நறுக்கி, வகை பிரித்துக் கொடுத்தால் குறைந்த கூலி. லட்சக்கணக்கில் தபால் போடும் நிறுவனங்களும் ஜிப் கோடு வாரியாகப் பிரித்து, பார்கோடும் அச்சிட்டுக் கொண்டுவந்து இறக்குகின்றன. ஆகவே அவர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி. அந்தச் சமையல்காரர் ஒரு நிபந்தனையும் போடுவார் இல்லையா, "நறுக்கின காயில அழுகல் இருக்கக் கூடாது" என்று? ஆள் இல்லாத முகவரிக்கு வரும் தபால் போஸ்ட் ஆபீஸுக்கு வீண் சுமை. அதுதான் அழுகல். எனவே தள்ளுபடி வேண்டுமானால், தபால் போடுவதற்கு முந்தைய 95 நாளுக்குள் அந்த நிறுவனங்கள் தங்கள் பட்டியலைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்பது விதி.

சரிபார்க்க என்ன வழி? நாம் கொடுத்த நிரந்தர முகவரி மாற்றங்கள் எல்லாம் என்சிஓஏலிங்க் என்ற ஒரு தரவுத்தொகுப்பில் சேர்கின்றன. ஏறக்குறைய 16 கோடிப் பதிவுகள், நான்கு வருடக் கணக்கு. உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியாகத் தபால் போடுகிறவர்கள் தங்கள் பட்டியலை அதோடு ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். இங்கேயும் அந்தப் பக்கத்து வீட்டு அக்காதான். யாராவது வந்து "இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்?" என்று பொதுவாகக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். பெயரையும் பழைய கதவு எண்ணையும் சரியாகச் சொன்னால் மட்டும் புது விலாசம் சொல்வார். அந்தக் கார்டு நிறுவனங்களிடம் எங்கள் பெயரும் பழைய முகவரியும் ஏற்கனவே இருந்தன. கேட்டார்கள், கிடைத்தது. கும்பகோணத்து அத்தைக்கு அப்படிக் கேட்க வழியில்லை.

தற்காலிக மாற்றம் என்று கொடுத்தால் அது இந்தத் தொகுப்பில் சேராது. பேரனைப் பார்க்க வந்து ஆறு மாதம் மகள் வீட்டில் தங்குகிறவர்களுக்கு, பதினைந்து நாள் முதல் ஒரு வருடம் வரைக்கும் அது பொருந்தும். நிரந்தரமாக மாறிவிட்டுத் தற்காலிகம் என்று குறிப்பதை நான் சொல்ல மாட்டேன். படிவத்தில் பொய் எழுதுவது குற்றம்.

புது முகவரி ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்த பிறகு என்ன ஆகிறது? இங்கேதான் உறைமோர் வருகிறது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கரண்டி தயிர் வாங்கி வந்து நம் பாலில் விட்டால் காலையில் ஒரு சட்டி தயிர். அவர்கள் வீட்டுத் தயிர் குறைந்துபோகவில்லை. நம்மிடமிருந்து எதிர்வீடு ஒரு கரண்டி வாங்கும். பெயர்ப் பட்டியலும் அப்படித்தான் பரவுகிறது. இதழ் நடத்துகிறவர் சந்தாதாரர் பட்டியலைத் துணிக்கடைக்காரருக்கு வாடகைக்கு விடுகிறார். நீங்கள் அந்தக் கடையில் ஒரு பொருள் வாங்கிவிட்டால் அவர் பட்டியலிலும் நீங்கள் உறைந்துவிட்டீர்கள். அங்கிருந்து நன்கொடை கேட்கும் அமைப்புக்கு ஒரு கரண்டி. இதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு தோட்டக்கலை இதழுக்குச் சந்தா கட்டும்போது என் பெயரின் நடுவில், எனக்கு இல்லாத ஒரு கே எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தேன். நான்கே மாதத்தில் விதைக் கடை, கம்பளிக் கடை, விலங்குகள் காப்பகம் மூன்றும் அந்தக் கே-யோடு எனக்குக் கடிதம் எழுதின.

வீடு வாங்குகிறவர்களுக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. கிரயப் பத்திரம் கவுண்டி அலுவலகத்தில் பதிவாகும், அது யாரும் பார்க்கக்கூடிய ஆவணம். ஆகவே உங்கள் கடன் வங்கியின் பெயரைப் பெரிதாக அச்சிட்டு, 'கடைசி அறிவிப்பு' என்று மிரட்டி, வங்கிக்குச் சம்பந்தமே இல்லாதவர்களிடமிருந்து கடிதங்கள் வரும். பத்திர நகலுக்கு நூறு டாலர் கேட்பார்கள். அதைக் கவுண்டி அலுவலகத்திலேயே சில டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது நிறுத்துவதைப் பார்க்கலாம். தயிரை ஒவ்வொரு வீடாகப் போய்க் கொட்ட முடியாது, உறைமோர் போகும் வாசலில் நிற்க வேண்டும். முதல் வாசல் கிரெடிட் கார்டுக் கடிதங்கள். அண்ணாச்சி கடைக் கடன் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார் ஒழுங்காகப் பாக்கி கட்டுகிறார்கள் என்பது அதில் இருக்கும். இங்கே ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன், இன்னோவிஸ் ஆகிய நிறுவனங்கள் நாடு முழுவதற்கும் அப்படி நோட்டு வைத்திருக்கின்றன. ஒழுங்காகக் கட்டுகிறவர்களின் பட்டியலைக் கார்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. என் பெயரைக் கொடுக்காதே என்று சொல்லும் உரிமையை அதே சட்டம் உங்களுக்கும் கொடுத்திருக்கிறது. ஆப்ட்அவுட்பிரீஸ்கிரீன் டாட் காம் தளத்திலோ 1-888-567-8688 என்ற எண்ணிலோ சொன்னால் ஐந்து வருடத்துக்கு நிற்கும். நிரந்தரமாக நிறுத்த, அங்கே கிடைக்கும் படிவத்தில் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். கிரெடிட் ஸ்கோர் இதனால் குறையாது. ஏற்கனவே கைமாறிய பட்டியல் தீரும் வரை சில வாரம் கடிதம் வரத்தான் செய்யும். எனக்குக் கேட்டால், ஒரே ஒரு காரியம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பெட்டியிலிருந்து இந்தக் கடிதங்களைத் திருடி உங்கள் பெயரில் கார்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த வாசல் வாடகைப் பட்டியல்கள். விளம்பரதாரர் சங்கமே நடத்தும் டிஎம்ஏசாய்ஸ் என்ற பதிவேட்டில் சில டாலர் கட்டிப் பெயர் கொடுத்தால் பத்து வருடத்துக்குச் செல்லும். சங்கத்தில் இல்லாதவர்களை அது கட்டுப்படுத்தாது. பொருள் விற்கும் தடித்த புத்தகங்களை நிறுத்தக் கேட்டலாக் சாய்ஸ் என்ற இலவசத் தளம் உண்டு. நன்கொடை கேட்கும் அமைப்புகளுக்கு, அவர்கள் அனுப்பும் பதில் உறையிலேயே 'என் பெயரை நீக்குங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்' என்று எழுதி, முகவரி அச்சான துண்டையும் வைத்து அனுப்பிவிடுங்கள்.

பீட்சாக் கூப்பன் இதில் எதற்கும் மசியாது. அதில் உங்கள் பெயரே கிடையாது. பந்தியில் பரிமாறுகிறவர் இலையைத்தான் பார்க்கிறார், உட்கார்ந்திருப்பவரை அல்ல. 2011-இல் யுஎஸ்பிஎஸ் தொடங்கிய 'ஒவ்வொரு வாசலுக்கும் நேரடித் தபால்' திட்டத்தில், கடைக்காரர் ஒரு தபால்காரரின் தெருச் சுற்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டாகக் கொடுத்துவிடுவார். தபால்காரர் பெட்டிக்கு ஒன்று போட வேண்டும். எனக்கு வேண்டாம் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. காசு கட்டிய தபாலைச் சேர்ப்பது அவர் கடமை. பரிமாறுகிறவரை விட்டுவிட்டு விருந்து வைத்தவரிடம்தான் சொல்ல வேண்டும், அதாவது அந்தக் கடையிடம். கூப்பன்களைக் கத்தையாக உறையிலிட்டு அனுப்பும் பெரிய நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே முகவரியை நீக்கும் பக்கம் வைத்திருக்கின்றன.

உறையில் 'மறுக்கிறேன்' என்று எழுதித் திரும்பப் போடுவது பலருடைய பழக்கம். முழுக் கட்டணக் கடிதம் என்றால் திரும்பும். விளம்பரத் தபால் அனுப்பியவருக்குத் திரும்பாமல் போஸ்ட் ஆபீஸ் குப்பைக்குத்தான் போகும், ஆகவே அவர் பட்டியலில் நீங்கள் அப்படியே இருப்பீர்கள். பழைய குடித்தனக்காரரின் தபால் வந்தால் மட்டும் 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதிப் பெட்டியில் வையுங்கள். பிறர் கடிதத்தைப் பிரிப்பது இங்கே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம்.

கடைசியாக ஒரு வலுவான ஆயுதமும் இருக்கிறது, 1500 என்ற படிவம். ஆபாசமாகப் படும் விளம்பரத்தைத் தடுக்க ஏற்பட்டது. எது ஆபாசம் என்று தீர்மானிக்கிறவர் வீட்டுக்காரரேதான். இது பேச்சுரிமைக்கு எதிரானது என்று விளம்பரத் தபால் அனுப்பும் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1970-இல் ரோவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வீட்டுக்காரர் பக்கம் நின்றது. அனுப்புகிறவரின் உரிமை, வேண்டாம் என்கிறவரின் தபால் பெட்டியோடு முடிந்துவிடுகிறது என்பது தீர்ப்பின் சாரம்.

டிஎம்ஏசாய்ஸில் இறந்தவர்களுக்கென்று தனிப் பதிவேடும் உண்டு. எங்கள் பழைய அபார்ட்மென்ட்டில் கீழ்வீட்டு அம்மா ஒருவர் இருந்தார். கணவர் போய் இரண்டு வருடம் ஆகியும் அவர் பெயருக்குக் காது கேட்கும் கருவி, கப்பல் பயணம், மீன்பிடிக் கம்பு என்று வாரம் ஐந்தாறு வந்துகொண்டிருந்தன. ஒரு சனிக்கிழமை அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பெயரின் மூன்று வடிவங்களையும் எழுத்துக்கூட்டிக் கேட்டுப் பதிவு செய்தேன். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது மாதம் நாங்கள் வீடு மாறும் நாளில் விடைபெறப் போனபோது, அந்த வாரம் கணவர் பெயருக்கு வந்தது ஒன்றே ஒன்று என்று எடுத்துக் காட்டினார். மீன்பிடிக் கம்புப் புத்தகம். "இது மட்டும் வரட்டும்" என்றார்.